பந்தைப் பார்க்காதீர்கள்: டர்பனிலிருந்து கூடைப்பந்து பழகுவோருக்கு

நான் பீனிக்ஸ்காரன். அமெரிக்கப் பீனிக்ஸ் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, 1904ல் காந்தி குடியிருப்பு போட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பீனிக்ஸ். திருச்சியிலிருந்து கணக்கெழுதும் வேலைக்கு வந்து, அப்படியே தங்கிப்போனவன். ஒருநாள் ராத்திரி எங்கள் பகுதியில் தண்ணீர் நின்றுபோயிற்று. எவனாவது ஏதாவது சொல்லியிருப்பான் என்று யூடியூபில் ஊர்ப் பெயரைத் தட்டினேன். தண்ணீர்ச் செய்தி வரவில்லை. ஊதாவும் ஆரஞ்சும் கலந்த சட்டை போட்ட கூட்டம் ஒன்று வந்தது. நடுவில், முடியைத் தோள்வரை வளர்த்த ஒல்லியான ஆள் ஒருவர், தன்னைவிட ஒரு முழம் உயரமானவர்களுக்கு நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு புகுந்து, எங்கேயோ பார்த்தபடி வேறெங்கேயோ பந்தை அனுப்பினார். யார் என்று தேடினால் ஸ்டீவ் நாஷ், பீனிக்ஸ் சன்ஸ் அணி, பிறந்தது 1974ல் ஜோகன்னஸ்பர்க்.

குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஊர்ப் பெயரும் பொருந்துகிறது, பிறந்த நாடும் பொருந்துகிறது. கூடைப்பந்துக்குள் நான் வந்த வழி இப்படிக் கோணலானது.

இப்போது கோயிலிலும் வேலையிடத்திலும் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள்: "அண்ணே, எல்லாரும் என்.பி.ஏ. என்.பி.ஏ.ங்கிறாங்க, எங்க இருந்து ஆரம்பிக்கிறது?" என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். என் பதில் எப்போதும் ஒன்றுதான். ஆட்டத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டும் ஒரு நல்ல சேனலிலிருந்து ஆரம்பியுங்கள். நான் கைகாட்டுவது 'திங்கிங் பாஸ்கெட்பால்'. ஏன் அது, அதை எப்படிப் பார்ப்பது, பார்ப்பதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் கடிகாரம்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் நேரலைதான் எல்லாம் என்று நினைப்பார்கள். அந்த நினைப்பை இங்கே விட்டுவிட வேண்டும். நியூயார்க்கில் இரவு 7:30க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டி 2:30. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்த பிறகு 1:30. நவம்பர் முதல் ஞாயிறு மறுபடி 2:30. நாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை என்பதால், வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு மணி நேரம் ஏமாறுவது உறுதி.

வேடிக்கை என்னவென்றால் அமெரிக்கப் பீனிக்ஸ் இருக்கிற அரிசோனாவும் நம்மைப் போலத்தான், கடிகாரத்தைத் திருப்புவதில்லை. அதனால் அந்தப் பீனிக்ஸுக்கும் இந்தப் பீனிக்ஸுக்கும் வருஷம் முழுக்க ஒன்பது மணி நேரமே வித்தியாசம். அங்கே மாலை 7 என்றால் இங்கே விடிகாலை 4. மார்கழி மாதம் கோலம் போட எழுந்த பரம்பரை நாம். நான்கு மணி என்றால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று முதல் வருஷம் நானும் எழுந்து பார்த்தேன். மூன்றாவது வாரம் வேலையில் ஒரு சரக்குப் பட்டியலில் பூஜ்ஜியம் ஒன்று கூடுதலாகப் போட்டேன். அதோடு தினசரி நேரலை முடிந்தது.

அதனால்தான் இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு அலசல் சேனல் துணைக்கறி இல்லை, அதுதான் சோறே. ஒரு அணி சீசனில் ஆடுவது 82 ஆட்டம், அணிகள் 30. முழுக்கப் பார்ப்பவன் அமெரிக்காவிலேயே கிடையாது. அக்டோபர் கடைசியில், புரட்டாசி விரதம் முடிந்து வீட்டுக்கு மீனும் ஆட்டுக்கறியும் திரும்பும் வேளையில் சீசன் தொடங்கும். தைப்பூசக் காவடி முடிந்து கொஞ்ச நாளில் நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் வாரம். சித்திரைப் பிறப்பை ஒட்டிப் பிளேஆஃப், அதாவது தேறிய அணிகளின் வெளியேற்றச் சுற்று. இறுதித் தொடர் ஜூனில். நம் நாள்காட்டியோடு இப்படி முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டால் மறக்காது.

விதிகளுக்கு நெட்பால் போதும்

தென்னாப்பிரிக்காவில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு, திருச்சியில் இருப்பவருக்கு அது கிடையாது. இங்கே எந்தத் தெருவிலும் நெட்பால் ஆடிய பெண் ஒருத்தியாவது இருப்பாள். என் எதிர்வீட்டுப் பெண் பள்ளி அணியில் கோல் ஷூட்டர். அவளுக்குத் தெரிந்த தமிழ் 'தண்ணி', 'சாமி', 'வாயை மூடு' என்று மூன்றே மூன்றுதான், மூன்றும் அவள் ஆயா சொல்லிக் கொடுத்தது. என்னை அங்கிள் என்பாள். விதிகளை எனக்கு விளக்கியது அவள்தான்.

இரண்டும் அக்கா தங்கை விளையாட்டுகள். 1891ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடையை உடற்பயிற்சிக் கூடத்துப் பால்கனிக் கம்பியில் மாட்டிக் கூடைப்பந்தை உண்டாக்கியபோது, பந்தோடு ஓடக் கூடாது என்பதுதான் விதி. அது இங்கிலாந்துக்குப் போய்ப் பெண்கள் ஆட்டமாக மாறியபோது அந்தப் பழைய விதியை வைத்துக்கொண்டது, அதுதான் நெட்பால். அமெரிக்காவில் தங்கியது பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கற்றுக்கொண்டது. வளையத்தின் உயரம் இன்றைக்கும் இரண்டுக்கும் ஒன்றே, 3.05 மீட்டர்.

நெட்பால் தெரிந்தவர் மாற்றிக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். ஏழு பேர் ஐந்து பேராகிறார்கள். வளையத்துக்குப் பின்னால் பலகை வருகிறது. இந்த எல்லைக்குள் இவர்தான் நிற்கலாம் என்பது போய்விடுகிறது, ஐந்து பேரும் எங்கும் போகலாம், யாரும் எறியலாம். பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதற்குப் பதில், அணி முழுவதற்கும் சேர்த்து 24 விநாடி. அதற்குள் எறிந்தாக வேண்டும். வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி, உள்ளிருந்து இரண்டு, தவறுக்குக் கிடைக்கும் தனி எறிதல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. என்.பி.ஏ.யில் 12 நிமிடக் கால்பகுதி நான்கு. உலகத்தின் மற்ற இடங்களில் 10 நிமிடம். தனியாள் தவறு அங்கே ஆறானால் வெளியே, மற்ற இடங்களில் ஐந்தானால் வெளியே.

இவ்வளவு போதும். விதிப்புத்தகத்தைத் தேடிப் போகாதீர்கள், தூக்கம்தான் வரும்.

சேனல் ரகங்கள்

யூடியூபில் கூடைப்பந்து என்று தேடினால் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பெரும்பாலான கடைகளில் ஒன்று துணுக்குக் காட்சி, அல்லது சண்டை.

துணுக்குக் காட்சிகளில் தப்பில்லை. என்.பி.ஏ.வின் சொந்தச் சேனலே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பத்து நிமிடச் சுருக்கம் போடுகிறது, யார் ஜெயித்தார்கள் என்று தெரிய அது போதும். ஆனால் அதில் பந்து கூடைக்குள் போவது மட்டும்தான் இருக்கும். கல்யாண வீடியோவில் தாலி கட்டுகிற நிமிடத்தை மட்டும் வெட்டி ஐம்பது கல்யாணம் தொடர்ச்சியாகப் பார்த்தால் எப்படி இருக்கும்? எந்தக் கல்யாணமும் நினைவில் நிற்காது.

சண்டைச் சேனல்களை நான் ஆறு மாதம் பார்த்தேன். ஜோர்டான் பெரியவரா லெப்ரான் பெரியவரா என்று கோட்டு போட்ட மனிதர்கள் மேசையைத் தட்டுவார்கள். நமக்கு எம்.ஜி.ஆர். சிவாஜி சண்டை பழக்கம்தானே, சுவையாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து எனக்குத் தெரிந்திருந்தது என்ன என்று பார்த்தால், யாரார் யாரார் மேல் கோபமாக இருக்கிறார்கள் என்பது மட்டும்.

கதை சொல்லும் சேனல்கள் வேறு வகை, அவற்றை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். 'சீக்ரெட் பேஸ்' பழைய ஆட்டங்களையும் விசித்திரமான வரலாறுகளையும் வரைபடங்களோடு சொல்லும். விளையாட்டே பிடிக்காத என் மனைவி உட்கார்ந்து பார்த்தது அது ஒன்றுதான். 'ஜிம்மி ஹைரோலர்' எண்களில் தட்டுப்படும் வினோதம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போகும். 'பிபால் பிரேக்டவுன்' ஒரு பயிற்சியாளரின் கண். இந்த மூன்றும் நல்லவை. ஆனால் முதல் படிக்கு இவை அல்ல.

ஒரு சேனல் உங்களுக்கு ஏற்றதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இது. பத்து நிமிடம் பாருங்கள். பிறகு அதைப் பார்க்காத ஒருவரிடம், நடந்தது என்ன, ஏன் நடந்தது என்று சொல்லிப் பாருங்கள். 'பிரமாதமாப் போட்டான்' என்பதைத் தாண்டி ஒரு வரி வந்தால் அது நல்ல சேனல்.

திங்கிங் பாஸ்கெட்பால்

பென் டெய்லர் என்பவர் நடத்துவது. குரல் நிதானமானது, கத்தமாட்டார். ஒரு ஆட்டக்காரரையோ அணியையோ எடுத்துக்கொண்டு, ஆட்டக் காட்சியை ஓடவிட்டு, சரியான நொடியில் நிறுத்துவார். திரையில் ஒருவரைச் சுற்றி வட்டம் விழும். அந்த ஆள் கையில் பந்து இருக்காது. எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது அந்த வட்டத்தில்தான்.

நம் கண் பந்தோடு போகும். கிரிக்கெட்டில் அது சரி, அங்கே எல்லாமே பந்து இருக்கும் இடத்தில் நடக்கிறது. கூடைப்பந்தில் ஒருவர் கையில்தான் பந்து, நான்கு பேர் கை வெறுமை. அந்த நான்கு பேர் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் பந்து வைத்திருப்பவருக்கு வழி திறக்கிறதா அடைக்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. மூலையில் ஒரு நல்ல எறிகாரர் சும்மா நிற்கிறார் என்று வையுங்கள். அவர் ஒன்றுமே செய்யவில்லை. ஆனால் அவரைக் காப்பவர் அவரை விட்டு நகர முடியாது, அதனால் கூடைக்கு அடியில் ஒரு ஆள் குறைகிறார். சும்மா நிற்பதே வேலை. இதைத்தான் ஸ்பேசிங் என்கிறார்கள். வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவோம், நிறுத்திக் காட்டினால்தான் ஒட்டும்.

எதிலிருந்து தொடங்குவது? சேனலில் 'கிரேட்டஸ்ட் பீக்ஸ்' என்று ஒரு தொடர் இருக்கிறது. பெரிய ஆட்டக்காரர்களின் உச்சகால ஆண்டுகளை மட்டும் எடுத்து அலசுவது. புதிய வீடியோக்களை விட்டுவிட்டு இந்தத் தொடருக்குப் போங்கள். புதியவற்றுக்கு இந்த வார நடப்பு தெரிந்திருக்க வேண்டும். பழையவருக்கு அந்தத் தொல்லை இல்லை, கதை முடிந்துவிட்டது. நான் நாஷிலிருந்து தொடங்கினேன், நீங்களும் தொடங்கலாம். பிடிக்காவிட்டால் கரீம், ஜோர்டான் என்று காதில் விழுந்த பெயர் எதையாவது எடுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டெய்லர் கலைச்சொற்களை விளக்காமல் தாண்டிப் போவார், தெரிந்தவர்கள்தான் பார்க்கிறார்கள் என்ற எண்ணம். என்.பி.ஏ.வுக்கு வெளியே உலகம் இருப்பது அபூர்வமாகத்தான் தெரியும். சாப்பிட்டுக்கொண்டே பார்க்க முடியாது. ரொட்டியைப் பீன்ஸ் கறியில் தொட்டு எடுப்பதற்குள் இரண்டு எண்ணும் ஒரு வட்டமும் போய்விடும்.

ஒரே ஒரு வித்தையை மட்டும் பிடியுங்கள்

முதல் ஒரு மாதத்துக்கு ஒன்றை மட்டும் தேடுங்கள்: பிக் அண்ட் ரோல். இன்றைய கூடைப்பந்தில் பாதி சமையல் இந்த ஒரு மசாலாவில்தான் நடக்கிறது.

கோயில் அன்னதான வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களை ஒரு பெரியம்மா விடாமல் பின்தொடர்கிறார், பையனுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்க. உங்கள் மச்சான் ஒருவர், நல்ல அகலமான ஆள், உங்கள் பாதையில் சிலைபோல நின்றுகொள்கிறார். நீங்கள் அவர் தோளை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுகிறீர்கள். பெரியம்மா மச்சான் மேல் முட்டி நின்றுவிடுகிறார். மச்சான் செய்தது பிக், அதாவது ஸ்கிரீன். அவர் அசையாமல் நிற்க வேண்டும், அசைந்து இடித்தால் தவறு. பெரியம்மா முட்டிய அடுத்த கணம் மச்சான் திரும்பிச் சாப்பாட்டு மேசையைப் பார்த்து ஓடுகிறாரே, அது ரோல். இப்போது பெரியம்மாவுக்கு உதவ வந்த பெரியப்பாவுக்குச் சிக்கல்: உங்களைப் பிடிப்பாரா, வடைப் பக்கம் ஓடும் மச்சானைப் பிடிப்பாரா?

பெரியப்பாவின் பதில்தான் தடுப்பாட்டம். அவர் முன்னே வராமல் மேசைக்குப் பக்கத்திலேயே பின்வாங்கி நின்றால் அதற்கு டிராப் என்று பெயர். வடை பத்திரம், ஆனால் உங்களுக்கு முன்னே வெற்றிடம் கிடைக்கும், நிதானமாக நின்று எறியலாம். பெரியம்மா மச்சானையும் பெரியப்பா உங்களையும் ஆள் மாற்றிப் பிடித்தால் அது ஸ்விட்ச். குட்டையானவர் நெட்டையானவரைக் காக்கும் கூத்து அப்போதுதான் நடக்கும். இருவருமே உங்கள் மேல் பாய்ந்தால் பிளிட்ஸ். மச்சான் தனியாக ஓடுவார், பந்தை எப்படியாவது அவரிடம் சேர்த்துவிட்டால் நான்குக்கு மூன்று என்று கணக்கு நமக்குச் சாதகமாகிவிடும்.

இந்த மூன்று பெயரும் தெரிந்தால் சேனலில் பாதி புரியும். வீடியோவை 0.75 வேகத்தில் வையுங்கள். டெய்லர் நிறுத்துவதற்கு முன் நீங்களே இடைவெளிப் பொத்தானை அழுத்தி, டிராப்பா ஸ்விட்ச்சா பிளிட்ஸா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் வாரம் பத்தில் மூன்று சரியாக வந்தால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்.

நாஷ் கதைக்கு வருகிறேன். 2004 கோடையில் அவர் டல்லாஸிலிருந்து பீனிக்ஸுக்கு வந்தார். அதற்கு முந்தைய சீசனில் அந்த அணி ஜெயித்தது 29 ஆட்டம். வந்த சீசனில் 62. மைக் டி'ஆன்டோனி பயிற்சியாளர். எதிரணி காலூன்றி நிற்பதற்குள் ஓடு, எறி என்பதே அவர் கொள்கை. அமாரே ஸ்டவுடமைர் என்ற எமகாதகன் ஸ்கிரீன் வைத்துவிட்டுக் கூடையை நோக்கி உருளுவார், ஜோ ஜான்சனும் குவென்டின் ரிச்சர்ட்சனும் கோட்டுக்கு வெளியே விரிந்து நிற்பார்கள். மற்றவர்கள் கூடைவரை போய் வழி அடைபட்டால் எறிந்துவிடுவார்கள், அல்லது பந்தைக் கொடுத்துவிடுவார்கள். நாஷ் இரண்டும் செய்யமாட்டார். பந்தைத் தட்டியபடியே கூடைக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் வழியாக வெளியே வந்து, மறுபடி சுற்றுவார். பிரகாரம் சுற்றுகிற மாதிரி. எதிரணி ஐந்து பேரில் யாராவது ஒருவர் தலையைத் தவறான பக்கம் திருப்பும்வரை சுற்றுவார். திருப்பிய கணம் பந்து போய்விடும்.

ஓர் ஆட்டத்துக்கு அவரது சராசரி அந்த சீசனில் 15.5 புள்ளி, 11.5 அசிஸ்ட், அதாவது கூட ஆடுபவர் கூடை போட வழிசெய்த பந்துகள். புள்ளி எண்ணிக்கையைப் பார்த்தால் சுமார்தான். லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை 2005லும் 2006லும் அவருக்குக் கொடுத்தார்கள், அதற்காக இன்றும் சண்டைச் சேனல்களில் மேசை உடைகிறது. அவர் இறுதித் தொடரில் ஒருமுறைகூட ஆடியதில்லை என்பதும் உண்மை. இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு அலசலைப் பாருங்கள். நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

எண்கள் வந்தால் ஓடாதீர்கள்

கணக்கெழுதுபவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் ஆசை அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். சேனலில் அடிக்கடி ட்ரூ ஷூட்டிங் என்று ஒரு சதவீதம் வரும், கிடைத்த எறிதல்களை ஒருவர் எவ்வளவு வீணாக்காமல் புள்ளியாக்கினார் என்று காட்டுவது. ஒருவர் 30 புள்ளி எடுத்தார், இன்னொருவர் 24. யார் நன்றாக ஆடினார்? முப்பதுக்காரர் 25 முறை எறிந்து, 5 தனி எறிதலும் பெற்றார். இருபத்து நாலுக்காரர் 14 முறை எறிந்து, 6 தனி எறிதல் பெற்றார்.

தனி எறிதல் எண்ணிக்கையை 0.44 ஆல் பெருக்கி, எறிதல் எண்ணிக்கையோடு கூட்டி, இரண்டால் பெருக்குங்கள். புள்ளியை அதால் வகுங்கள். முதலாமவருக்கு 25 கூட்டல் 2.2, அது 27.2, இரட்டித்தால் 54.4, முப்பதை வகுத்தால் 55 சதவீதம். இரண்டாமவருக்கு 14 கூட்டல் 2.64, இரட்டித்தால் 33.28, விடை 72 சதவீதம். லீக் சராசரி அண்மை ஆண்டுகளில் 57, 58க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆக முப்பது எடுத்தவர் சராசரிக்குக் கீழே. அவர் வீணாக்கிய எறிதல்களை மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். அந்த 0.44 ஏன்? இரண்டு தனி எறிதல் என்றால் ஒரு வாய்ப்புச் செலவு, அப்படியானால் 0.5 தானே வர வேண்டும். ஆனால் கூடை விழுந்த பிறகு கிடைக்கும் ஒற்றைத் தனி எறிதலும், மூன்றாகக் கிடைப்பதும் கலந்திருப்பதால் அது கொஞ்சம் குறைகிறது.

மூன்று புள்ளி எறிதல் ஏன் இவ்வளவு பெருகியது என்பதும் இதே மாதிரிக் கடைக்கணக்கு. நூற்றுக்கு 35 விழுந்தால் ஓர் எறிதலுக்கு 1.05 புள்ளி. கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று நூற்றுக்கு 40 போட்டாலும் 0.8 தான். ஓரடி பின்னால் போனால் லாபம். எந்த மளிகைக் கடைக்காரருக்கும் இது புரியும், பயிற்சியாளர்களுக்குத்தான் பல காலம் பிடித்தது.

மற்ற எண்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நூறு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி என்பதை மட்டும் பிறகு ஒருநாள் கற்றுக்கொள்ளலாம்.

எழுத்துவரிகள், டேட்டா, மின்சாரம்

ஆங்கிலம் வேகமாகப் போனால் எழுத்துவரியை (சப்டைட்டிலை) போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ஆங்கிலத்திலேயே. தமிழுக்குத் தானாக மாற்றும் வசதியை ஒருமுறை முயன்றேன். பந்தைத் தட்டாமல் நடந்தால் வரும் ட்ராவலிங் தவறு 'பயணம்' ஆயிற்று. ஒருவர் முக்கியமான ஆட்டத்தில் பயணம் செய்ததற்காகப் பந்தை இழந்தார் என்று திரை சொன்னது. எதிரணியிடமிருந்து பந்தைப் பறிக்கும் ஸ்டீல் என்றதும் அவர் திருடனும் ஆனார். சிரிக்க வேண்டுமானால் போட்டுப் பாருங்கள்.

படத்தரம் 480பி போதும், வட்டமும் எண்ணும் தெளிவாகத் தெரியும். முழுத் தரத்தில் வைத்தால் மாத டேட்டா பத்து நாளில் காலி. நள்ளிரவுக்கு மேல் மட்டும் செல்லும் மலிவான இரவு டேட்டா இங்கே விற்கிறார்களே, அது ஆந்தைகளுக்கு. நமக்கு அலசல் வீடியோதானே, வேலையிடத்து வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளலாம், மேலாளர் பார்க்காத வரைக்கும். 2022, 2023ல் தினமும் மின்சாரம் போன காலத்தில் ரூட்டருக்கென்று ஒரு சின்ன பேட்டரி வாங்கினேன். 2024 மார்ச் கடைசியிலிருந்து நிலைமை எவ்வளவோ தேவலை, ஆனாலும் அந்தப் பேட்டரியை நான் விற்கவில்லை.

இன்னொன்று: முடிவு தெரியாமல் ஆட்டத்தைப் பார்க்க நினைக்கும் நாளில் யூடியூபின் முகப்புப் பக்கத்தைத் திறக்கவே திறக்காதீர்கள். யார் ஜெயித்தது என்று முகப்புப் படத்திலேயே போட்டிருப்பார்கள். சேனலுக்குள் நேராகப் போக ஒரு குறுக்குவழியைச் சேமித்து வையுங்கள், அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

பிறகு முழு ஆட்டம்

ஒரு மாதம் இப்படிப் பழகிய பின் முழு ஆட்டம் ஒன்று பாருங்கள். தூக்கம் கெடாத நாட்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஞாயிறு பிற்பகல் 3:30 ஆட்டம் நமக்கு இரவு 10:30, வசந்த காலத்தில் 9:30. ஜனவரியில் சில வருஷம் ஐரோப்பாவில் ஆடுவார்கள், அது நம் மாலையிலோ முன்னிரவிலோ வரும்.

நம் கண்டத்திலேயே ஆடுவதையும் விட்டுவிடாதீர்கள். 2015ல் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் அரங்கில்தான் என்.பி.ஏ. ஆட்டக்காரர்கள் ஆப்பிரிக்க மண்ணில் முதல்முறையாக ஒரு காட்சி ஆட்டம் ஆடினார்கள். 2021லிருந்து பாஸ்கெட்பால் ஆப்பிரிக்கா லீக் நடக்கிறது. 2025ன் இறுதி ஆட்டம் பிரிட்டோரியாவில். லிபியாவின் அல் அஹ்லி டிரிபோலி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. கேப் டவுன் டைகர்ஸ் சில ஆண்டுகள் அந்த லீக்கில் ஆடியது. வேகம் என்.பி.ஏ. அளவுக்கு இருக்காது, ஆனால் பழகுபவருக்கு அதுவே நல்லது: ஸ்கிரீன் வைப்பதும் தடுப்பவர் தடுமாறுவதும் கண்ணுக்குப் பிடிபடும் வேகத்தில் நடக்கும். அரங்கில் போய் உட்கார முடிந்தால் போங்கள். தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னால் ஓடும்; அரங்கில் உங்கள் கண்ணை யாரும் இழுக்கமாட்டார்கள், பந்தில்லாத நான்கு பேரையும் இஷ்டத்துக்குப் பார்க்கலாம்.

முதல் முழு ஆட்டத்துக்கு நான் சொல்வது கிறிஸ்துமஸ் நாள். அன்று ஐந்து ஆட்டம் நடக்கும், முதல் ஆட்டம் நியூயார்க் நண்பகலில், நமக்கு மாலை 7 மணிக்கு. விடுமுறை, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். போன கிறிஸ்துமஸில் எதிர்வீட்டுப் பெண்ணும் அவள் தாத்தாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் வர்ணனையின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பந்தைப் பார்க்கக் கூடாது என்று பந்தயம் வைத்தேன். தாத்தா ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தார். பிறகு கிரிக்கெட் போடச் சொன்னார். அந்தப் பெண் இரண்டாம் கால்பகுதியில் திரையைக் காட்டி, "அங்கிள், பெரியவன் பின்னால நிக்கிறான், இப்ப எறிவான் பாருங்க" என்று ஆங்கிலத்தில் கத்தினாள். எறிந்தான். நான் சத்தத்தைக் கூட்டினேன். வர்ணனையாளர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார், இரண்டு விநாடி தாமதமாக.

ஏழு மணிக்கு ஆட்டம் என்றால் ஆறே முக்காலுக்குள் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். கையில் கறி இருந்தால் இடைவெளிப் பொத்தானை அழுத்த முடியாது.